சுரத்தை இறக்கு

ஆரோக்கியமேரி டீச்சருக்குத் தமிழ்ப் பித்து. பஸ்ஸைப் பேருந்து என்பாள், சாக்பீஸைச் சுண்ணக்கட்டி என்பாள். செம்மேட்டு டீக்கடையில் போய்த் 'தேநீர்' என்று கேட்டு மாஸ்டரை இரண்டு தடவை முழிக்க வைத்திருக்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும், அதில் யாருக்கு என்ன நஷ்டம்? சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஆனால் ஸ்வரத்தை மட்டும் ஸ்வரம் என்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் பித்தை மூட்டை கட்டி வைத்திருக்கலாம்.

திண்டுக்கல் பக்கத்துக்காரி. கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்து ஒன்றரை வருடம். செம்மேட்டில் அறை எடுத்துத் தங்கி, ஆலத்தூர் நாடு என்ற மலைப்பகுதிக்குள் இருக்கும் ஒரு தொடக்கப்பள்ளிக்குக் காலை பஸ்ஸில் போவாள். நாலாவதும் ஐந்தாவதும் சேர்த்து அவள் வகுப்பில் மொத்தம் ஏழே பிள்ளைகள். பள்ளிக்கு ஒரு பெரிய தொடுதிரை வந்தது, பின்னாலேயே இணையமும் வந்தது. மற்ற பள்ளிகளில் அதில் படம் போட்டுக் காட்டிவிட்டு மூடிவிடுவார்கள். இவள் விடுவாளா? சின்ன வயதில் மூன்று வருடம் பாட்டுக் கற்றவள், சர்ச்சில் பாடுகிறவள். இணையத்தில் தேடித் தேடி, பிள்ளைகள் தொட்டு விளையாடியே சங்கீதம் கற்றுக்கொள்ளும் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அருமையான பக்கம்தான், குறை சொல்ல முடியாது. படிக்கட்டு மாதிரி ஏழு வண்ணப் பெட்டிகள். ஒரு பெட்டியைத் தொட்டுப் பாடினால் அந்தக் குரலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபடி தொட்டால் அதே குரலில் பாடும். விரலால் பெட்டிகளின் மேல் கோடு இழுத்தால் ஏழு குரலும் வரிசையாக ஒலித்து ஒரு பாட்டாகிவிடும். ஒவ்வொரு பெட்டிக்குக் கீழேயும் அந்தக் குரலின் உயரத்தைக் காட்டும் ஒரு எண் இருக்கும், எண்ணுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'சுரத்தை ஏற்று' என்று எழுதியிருக்கும், இன்னொன்றில் 'சுரத்தை இறக்கு'. அந்தப் பக்கம் எல்லாருக்கும் பொது. இணைப்பை யாருக்கு அனுப்பினாலும் அவர்களும் திறந்து தொடலாம், ஒருவர் தொட்டு மாற்றினால் எல்லாருடைய திரையிலும் மாறிவிடும். பிள்ளைகள் வீட்டிலும் பாடிப் பழகட்டும் என்று பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் டீச்சர் அந்த இணைப்பைப் போட்டுவிட்டாள்.

ஏழு பெட்டி, ஏழு பிள்ளை. கணக்கு அவ்வளவு பொருத்தமாக அமைந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆளுக்கு ஒரு சுரம் என்று பிரித்துக் கொடுத்து, பெட்டியில் அவரவர் பேரையும் எழுதிவிட்டாள். ச சந்தோஷ்குமாருக்கு, ரி கோகிலாவுக்கு என்று போய், ஐந்தாவது பெட்டியான ப தேன்மொழிக்கு வந்தது. முன்பல் பாதி உடைந்த பத்து வயதுப் பெண் தேன்மொழி. பாறைக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆட்டைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவளுக்கு. முதல் தடவையே பிசகாமல் பிடித்துவிட்டாள். டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள்.

பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிப்போய் என்ன சொல்லியிருக்கும்? "டீச்சர் எங்களுக்குச் சொரம் குடுத்துட்டாங்க!" என்றுதான் சொல்லியிருக்கும்.

அந்த ஊரில் காய்ச்சலைச் சொரம் என்றுதான் சொல்வார்கள். மலைச்சொரம், குளிர்சொரம், விசச்சொரம் என்று வகைவகையாகப் பேர் வைத்திருக்கிறார்கள். டீச்சருக்கு இது காதில் விழாமலா இருந்திருக்கும்? விழுந்திருக்கும், மனதில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

பெற்றோர்களும் அசடுகள் இல்லை. பள்ளிக்கூடத்தில் சுரம் கொடுப்பது அவர்களுக்குப் புதிதா என்ன? தடுப்பூசி போட வரும் நர்சம்மா ஒவ்வொரு தடவையும் ஊசியைக் குத்திவிட்டு, "ரெண்டு நாளைக்குச் சொரம் வரும், பயப்படாதீங்க, நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார். அப்படியே வரும், அப்படியே போகும், பிள்ளை நன்றாக இருக்கும். இப்போது ஊசிக்குப் பதிலாகத் திரையைத் தொட்டுக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஐப்பசி மழையில் சந்தோஷ்குமார் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தான். அவனுடையது முதல் பெட்டி. சரிதான், வரிசையாக வரும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

தேன்மொழியின் அப்பா செங்கோடன் மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கும் விவசாயி, அதிர்ந்து பேசாத மனுஷன். ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

"ஏனுங்க டீச்சர், எம் புள்ளைக்கும் சொரம் குடுத்திருக்கீங்களாமா?"

ஒரு அப்பா தேடி வந்து பாட்டைப் பற்றிக் கேட்கிறாரே என்று டீச்சருக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. "ஆமாங்க! தேன்மொழிக்கு ப. மத்த பிள்ளைகளுக்கு நாலு நாள் ஆச்சு, உங்க பொண்ணுக்கு உடனே பிடிச்சிருச்சு."

"சந்தோசுக்கு வந்துட்டுப் போயிருச்சுங்களே?"

"அவனுக்கு நிக்க மாட்டேங்குதுங்க. வருது, போகுது. தேன்மொழிக்கு அப்படி இல்ல, நல்லா நிக்கும்."

செங்கோடன் துண்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "இது ஏறுங்களா, எறங்குங்களா?"

அட, இவ்வளவு நுணுக்கமான கேள்வியா என்று அவளுக்கு ஆச்சரியம். "மத்ததெல்லாம் கொஞ்சம் ஏறும், இறங்கும். ச-வும் ப-வும் மட்டும் அசையவே அசையாது. அப்படியே நிக்கும்."

"ரொம்பப் போனா நாங்களா எறக்கிக்கலாமுங்களா?"

"ஐயோ, இறக்கவே கூடாதுங்க! இறக்கினா எல்லாமே கெட்டுப்போயிடும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், அவளை அவ போக்குல விட்டுடுங்க, போதும். வெந்நீர் குடுங்க, தொண்டைக்கு நல்லது."

"நல்லதுக்குத்தானுங்களே டீச்சர்?"

"நல்லதுக்குத்தாங்க. ஆயுசுக்கும் அவகூடவே இருக்கும்."

அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். இப்படி ஒரு தகப்பனா என்று பஸ்ஸில் வரும்போது நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாள் அவள்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை தேன்மொழி வரவில்லை. மழை என்றால் தூரத்துப் பிள்ளைகள் வராதது வழக்கம்தான், டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து மணிக்குத் திரையைப் போட்டு ஐந்தாவது பெட்டியைத் தொட்டாள். ப சரியாக ஒலிக்கவில்லை. தேன்மொழியின் குரல்தான், ஆனால் தடித்து, கனத்து, தூக்கத்தில் முனகுவது மாதிரி வந்தது. கீழே எண் இரண்டு குறைந்திருந்தது.

"யாருடா இதை இறக்குனது?" என்று சந்தோஷ்குமாரின் காதைப் பிடித்துத் திருகினாள். அவன் தான் இல்லை என்று சத்தியம் செய்து அழுதான். அவள் 'சுரத்தை ஏற்று' பொத்தானை இரண்டு தடவை அமுக்கிச் சரி செய்தாள்.

செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் பயங்கரம். திரையைச் சுற்றி ஆறு பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் கையும் திரையில் இல்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது பெட்டியின் எண் தானாக ஒன்று குறைந்தது. சற்று நேரம் கழித்து இன்னொன்று. தொட்டுப் பார்த்தால் தேன்மொழியின் குரல் கிணற்றுக்குள் இறங்குவது போல் இறங்கிக்கொண்டே போகிறது. கோகிலா எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டாள். டீச்சருக்கும் உள்ளுக்குள் உதறல்தான், ஆனால் பிள்ளைகளுக்கு முன்னால் காட்டிக்கொள்ள முடியுமா? ஈரத்தில் திரை கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு ஏற்றினாள். அது இறங்கியது. மறுபடி ஏற்றினாள். அது மறுபடி இறங்கியது. யார் பெரியவர் பார்க்கலாம் என்பது போல மணி அடிக்கும்வரை அவள் ஏற்றிக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமையும் காலையில் இதே கதை. பன்னிரண்டு மணி வாக்கில் அந்த எண் சரசரவென்று அடிவரைக்கும் போனது. அதற்குமேல் குறைய இடமில்லை. பிறகு அசையவில்லை. அவள் ஏற்றப் போன விரலை என்னவோ ஒரு பயத்தில் இழுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம்தான் சேதி வந்தது. தேன்மொழிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மத்தியானம் காய்ச்சல் விட்டு வியர்த்து, கண்ணைத் திறந்து அம்மாவிடம் தண்ணீர் கேட்டிருக்கிறாள். பிறகு கை கால் ஜில்லிட்டுப் போக, நூற்றியெட்டு வண்டியை வரவழைத்துத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவில் அறுபத்தெட்டைத் தாண்டியாயிற்று, அடிவாரத்துக் காரவள்ளி ஊர்கூடத் தெரிந்ததாம். அங்கேயே முடிந்துவிட்டது. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன, முன்னாடியே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று கீழே டாக்டர் சொன்னாராம்.

டீச்சர் சாவுக்குப் போனாள், அழுதாள், வந்தாள். ஆனால் வகுப்பில் அவளால் உட்கார முடியவில்லை. யாரும் தொடாத பெட்டி இறங்கி இறங்கி, பிள்ளை உயிர் போன நாளில் அடியில் போய் நின்றதே, அதற்கு என்ன பதில்? பிள்ளை அவளைக் கூப்பிட்டிருக்கிறது என்றே அவள் நம்பினாள். ஏதோ சொல்லப் பார்த்திருக்கிறது, நான்தான் கேட்காமல் அமுக்கி அமுக்கி மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன் என்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கத்தை அழிக்கவும் மனம் வரவில்லை. மேகம் வகுப்புக்குள் நுழையும் காலைகளில் திரையில் நீர் கோத்துக்கொள்ளும், சொட்டு வழிந்தால் விரல் பட்டதாக நினைத்துத் திரை தானாகப் பாடும். அடியில் கிடக்கும் அந்தக் குரல் ஒரு முனகலாக எழுந்து அடங்கும். பிள்ளைகளுக்குப் பயம்கூடப் போய்விட்டது. "தேன்மொழி வந்துட்டா டீச்சர்" என்பார்கள். டீச்சர் சிலுவை போட்டுக்கொள்வாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் கோகிலா கண் சிவக்க வந்து பலகையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தொட்டுப் பார்த்தால் அனல் பறக்கிறது.

"அடிப் பாவி, இந்தக் காய்ச்சலோட ஏன்டி வந்தே? வீட்டுல மாத்திரை குடுக்கலையா?"

"சொரத்த எறக்கக் கூடாதுங்களாமா டீச்சர். எங்கம்மா சொல்லுச்சு."

"எந்தக் கூமுட்டை சொன்னது அப்படி?"

கோகிலா திருதிருவென்று விழித்தாள். "நீங்கதானுங்க சொன்னீங்க. தேன்மொழி அப்பாகிட்ட. அது நல்ல சொரம், நிக்கோணும், எறக்குனா கெட்டுப்போயிரும்னு. அவங்கம்மாதான் கேக்காம மாத்தர குடுத்து எறக்கிப்போட்டாங்க. அதனாலதான தேன்மொழி செத்துப்போனா? எனக்கு நீங்க குடுத்தது ரி சொரமுங்க. இது ஏறி எறங்குமில்லீங்க?"

கேட்டுக்கு வெளியே நடந்த அந்தப் பேச்சு ஒவ்வொரு வரியாகத் திரும்பி வந்தது. பிடிச்சிருச்சு. நல்லா நிக்கும். இறக்கவே கூடாது. வெந்நீர் குடுங்க. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, ஒரு வார்த்தைகூட அவன் கேட்டதற்குப் பதிலும் இல்லை. முதலில் கோகிலாவுக்கு மாத்திரையைக் கொடுத்து, தலைமையாசிரியரின் பைக்கில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். அப்புறம் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு கத்தினாள்.

தலைமையாசிரியர் பாலசுப்பிரமணியம் ராசிபுரத்துக்காரர், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். கோகிலாவைச் சேர்த்துவிட்டு வந்ததும் கதை முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

"மேரி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், இது இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது. காய்ச்சலுக்கு மாத்திரை குடுக்கணும்னு நர்சை வெச்சு ஊர் பூரா சொல்லிடலாம், அது என் பொறுப்பு. நீங்க வாயைத் தொறந்தா ஊரே திரண்டு வரும். பொங்கல் கழிச்சு மாறுதல் கலந்தாய்வு. எழுதிக் குடுங்க, உங்க ஊருக்கே போயிடலாம்."

"அப்ப தேன்மொழி அம்மா கவிதா? ஊரே அவமேல பழி சொல்லுதே சார்?"

"புருசன் பொண்டாட்டி விவகாரம். நாம என்னங்க பண்ண முடியும்?"

பண்ண முடியுமா முடியாதா என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டேதான் மாறுதல் விண்ணப்பத்தை நிரப்பினாள். ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. நான் வேண்டுமென்று செய்தேனா என்று கர்த்தரிடம் சண்டை போட்டாள். தலையணையில் காதை வைத்தால் அந்த முனகல் கேட்கும்.

பத்தாவது நாள் கவிதாவே வந்தாள். சாப்பாட்டு வேளை, பிள்ளைகள் தட்டோடு வெளியே இருந்தார்கள். உள்ளே வரலாமா என்று கேட்காமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆளே பாதியாகியிருந்தாள்.

"டீச்சர், எம் புள்ள கொரலு இதுல இருக்குதாமா. ஒருக்காப் போடறீங்களா? நாளான்னிக்கு நான் பொறந்த ஊட்டுக்குப் போறேனுங்க. ஊர்க்கூட்டத்துல சொல்லிப்போட்டாங்க. சின்னவனையும் எங்கூட உடமாட்டாராமா. நாளைக்கு அவனுக்கொரு சொரம் வந்தா, அதையும் எறக்கிப்போடுவேனாம்."

சின்னவனுக்கு மூன்று வயது. டீச்சர் திரையைப் போட்டாள். எண்ணைப் பழையபடி ஏற்றிவிட்டு ஐந்தாவது பெட்டியைத் தொட்டாள். உடைந்த பல்லின் காற்றோடு தேன்மொழி பாடினாள். கவிதா கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

"இந்தப் பொட்டியத்தானுங்க நானும் போன்ல பாத்தேன்," என்றாள். "அவரு மாத்தர குடுக்க உடல. குரூப்புல நீங்க போட்டது இருந்துச்சு. தொறந்தா எம் புள்ள பேரு, கீழ 'சுரத்தை இறக்கு'ன்னு எழுதியிருக்குது. அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேனுங்க, எழுத்துக்கூட்டிப் படிச்சுப்போட்டேன். ஊட்டுல டவர் எடுக்காது. மேல மெளகுக் காட்டுக்கு ஓடி, அங்க நின்னு அமுத்துவேன். ஒண்ணு கொறையும். ஓடியாந்து நெத்தியத் தொட்டா ஆறுன மாதிரி இருக்கும். மறுக்கா போயிப் பாத்தா ஏறிக் கெடக்குது. மழையில மூணு நாளு ஏறி ஏறி எறங்குனேன் டீச்சர். நான் எறக்க எறக்க யாரோ ஏத்துனாங்க. கடைசீல எல்லாத்தையும் ஒண்ணா எறக்கிப்போட்டு, அது போதாதுன்னு மாத்தரையவும் குடுத்தேன். என் கையாலயே குடுத்தேன்." நிமிர்ந்து பார்த்தாள். "ஏத்துனது யாருங்க?"

"மிஷின் கோளாறுங்க," என்றாள் ஆரோக்கியமேரி.

கவிதா தலையாட்டிவிட்டுப் போனாள். பிள்ளையின் ஆவி என்று ஒரு மாதமாக எதைக் கண்டு நடுங்கினாளோ, அது மழையில் நனைந்துகொண்டு மிளகுக் காட்டில் நின்ற ஒரு தாய். அந்தத் தாயோடு மல்லுக்கட்டி, மணி அடிக்கும்வரை விடாமல் ஏற்றிக்கொண்டிருந்தது தான். பேயாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. மாறுதல் விண்ணப்பத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலை பஸ்ஸில் இறங்கி, சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு செங்கோடன் வீட்டுக்கு நடந்தாள். அவன் வாசலில் சாக்கு விரித்து ராகிக் கதிரைக் காயப் போட்டுக்கொண்டிருந்தான். மடியில் சின்னவன். கவிதா கொல்லைப்பக்கம் தனியாக ஒரு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள், அருகில் ஒரு துணிமூட்டை தயாராக இருந்தது.

"வாங்க டீச்சர், உக்காருங்க," என்று சாக்கைத் தட்டிப் போட்டான்.

"செங்கோடன், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கவிதாவும் வரணும்."

"அவ எதுக்குங்க?"

"அவங்க வந்தாத்தான் சொல்லுவேன்."

கவிதா வந்து தூரமாக நின்றாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"நான் உங்க பிள்ளைக்குக் குடுத்தது காய்ச்சல் இல்லீங்க," என்று ஆரம்பித்தாள். "பாட்டு. பாட்டுல ஏழு சத்தம் இருக்கு. அதுக்கும் சுரம்னுதான் பேரு. தேன்மொழிக்கு அதுல அஞ்சாவது." பாடிக் காட்டினாள். ப.

"இது அவ ஆட்டுப் பட்டியில பாடிக்கிட்டே இருந்ததுங்களே," என்றான் செங்கோடன்.

"அதேதாங்க. அன்னிக்கு நீங்க கேட்டது காய்ச்சலைன்னு எனக்குப் புரியல. நான் சொன்னதெல்லாம் இந்தச் சத்தத்தை. ஏறாது, இறங்காது, இறக்கக் கூடாதுன்னு சொன்னது இதைத்தான். உடம்புச் சூட்டை இல்ல."

"வெந்நி?"

"பாடுற தொண்டைக்குச் சொன்னேன்."

"ஆயுசுக்கும் கூடவே இருக்கும்னீங்களே?"

"பாட்டைச் சொன்னேங்க." "மாத்திரையால பிள்ளை சாகல. கவிதா செஞ்சதுதான் சரி. அதை மொதல்லயே குடுத்து, ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோயிருக்கணும். ரத்தத்துல இருந்த கோளாறு அது, அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல." பிறகு கவிதாவைப் பார்த்தாள். "மிஷின் கோளாறுன்னு நேத்து பொய் சொன்னேன் தாயி. ஏத்துனது நான்தான். நீங்கன்னு தெரியாம ஏத்துனேன்."

அடிப்பான் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். அவன் எழுந்திருக்கக்கூட இல்லை. ராகிக் கதிர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான். மணி எல்லாம் உதிர்ந்த பிறகும் தேய்த்தான்.

"அப்ப அந்த மூணு நாளு?" என்றான்.

டீச்சர் அவன் தட்டிப் போட்ட சாக்கில் உட்கார்ந்தாள்.

"கதவுக்குக் குறுக்கே உக்காந்திருந்தேனுங்க டீச்சர். யாரும் புள்ளையத் தூக்கிட்டுப் போயி எறக்கிப்போடக் கூடாதுன்னு. சோத்துக்குக்கூட எந்திரிக்கல."

அப்புறம் அவன் தலை மெல்லக் கவிதா பக்கம் திரும்பியது. நாற்பது நாளில் அவளிடம் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மொத நாளு காத்தால, பஸ்ஸு வந்து நிக்கையில, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு நீ சொன்னியல்ல?"

கவிதா கிட்டே வந்து, அவன் மடியிலிருந்து சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் தடுக்கவில்லை.

"சொன்னேனுங்க," என்றாள்.